சீறாத பொயிலர்

தம்பி,

நான் நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், கை வரவில்லை. நீ நலமாக இருக்கவேண்டும் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன், அது போதும். பரிசம் போட்ட அன்று, இலை போட்ட பிறகு எழுந்து, தலைவலி என்று சொல்லிவிட்டு ஒரு வாய் சாப்பிடாமல் வவுனியா பஸ் நிலையத்துக்கு நடந்து வந்தேனே, எனக்குத் தலைவலி இல்லை. நீ பின்னால் ஓடிவந்து, "என்னம்மா, ஆரும் ஏதும் சொன்னவையே?" என்று கேட்டாய். உன் முகத்தைப் பார்த்தால் வாயில் வந்ததையெல்லாம் கொட்டிவிடுவேன் என்று பயந்து பஸ் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். பெண் வீட்டில் மானம் போய்விட்டது என்று நீ லொறிக்காரரிடம் சொல்லியனுப்பிய கதையும் வந்து சேர்ந்தது. மானம் யாருக்குப் போனது என்பதை இதைப் படித்துவிட்டு நீயே சொல். மலரை நீ கட்டிக்கொள்வதில் எனக்கு எள்ளளவும் மறுப்பில்லை. என் அண்ணன் மகள், உனக்கு முறைப்பெண். நீ அவளைப் பார்க்கப் போகிற நாளில் மட்டும் தலைக்கு வைக்கிற எண்ணெயின் அளவு எனக்குத் தெரியாதா? என் மறுப்பெல்லாம் உன் மாமன் வவுனியாப் புது மில்லில் உன் பொறுப்பில் விட்டிருக்கிற, நெல் அவிக்க ஆவி எடுக்கிற அந்தப் பொயிலர் மேல்தான். இப்போது இருக்கிற நிலையில் அதை நீ மூட்டினால் ஒரு நாள் அது உன்னைக் கொல்லும். உன் அப்பாவைக் கொன்றது போலவே கொல்லும்.

உன் மாமன் நமக்குச் செய்த நன்மையை நான் மறைக்கவில்லை. எழுபத்தேழுக் கலவரத்தில் தேயிலைத் தோட்டத்து லயத்து வீடுகளுக்கு நெருப்பு வைத்தபோது உடுத்த துணியோடு ஓடிவந்தோம். அப்போது நீ கால்சட்டைப் பையன். அவர் நமக்கு முன்பே வன்னிக்கு வந்து காடு வெட்டி, விறகு ஏற்றி, நெல் வாங்கி விற்று, அக்கராயன் பக்கத்தில் ஒரு நெல் மில்லைக் குத்தகைக்கு எடுத்திருந்தார். ஸ்கந்தபுரத்தில் நமக்குக் கொட்டில் போட்டுத் தந்தவர் அவர். கிணற்றடியில் நான் அழுதுகொண்டு நின்றபோது, "அண்ணன் இருக்கேன், எதுக்கு அழுவுற?" என்று சொல்லி, வாளியை என் கையிலிருந்து வாங்கித் தானே தண்ணீர் அள்ளித் தந்தார். தான் ஆடாவிட்டாலும் தன் தசை ஆடும் என்பார்கள், அதைக் கண்ணால் கண்டேன் என்று அன்றைக்கு நம்பினேன். உன் அப்பா தேயிலை ஸ்டோரில் அடுப்பு பார்த்தவர் என்பதால் அவரை மில் பொயிலருக்குப் போட்டார். எனக்குக் களத்தில் நெல் காயவைக்கிற வேலை. நம் வயிறு மூன்றும் நிறைந்தது அந்த மில்லால்தான், இல்லை என்று சொன்னால் என் நாக்கு அழுகிவிடும்.

நீ பட்டறையில் வேலை பழகியவன், இரும்பு உனக்குத் தெரியும். ஆனாலும் உன் அப்பா தன் பொயிலரைப் பற்றிச் சொன்னதை நீ கேட்டதில்லை, ஏனென்றால் அவர் என்னிடம்தான் ஓயாமல் சொல்லுவார், அதுவும் சாப்பிடும்போது. புழுங்கல் அரிசிக்கு நெல்லை அவிக்கவேண்டும். அவிக்க ஆவி வேண்டும். உமியை எரித்துப் பொயிலரில் ஆவி எடுத்து, குழாய் வழியாக நெல் தொட்டிகளுக்கு விடுவார்கள். பொயிலரின் முதுகில் ஒரு வால்வு, அதிலிருந்து நீட்டிக்கொண்டு ஓர் இரும்புக் கை, கையின் நுனியில் ஓர் இரும்புக் குண்டு. உள்ளே ஆவி மிஞ்சும்போது அந்தக் கையைத் தூக்கிக்கொண்டு சீறி வெளியே போய்விடும். அந்தத் தகடு எவ்வளவு தாங்கும் என்று செய்தவன் கணக்குப் பார்த்துத்தான் அந்தக் குண்டைத் தொங்கவிட்டிருக்கிறான். ஒருநாள் அவசரத்தில் நான் சோற்றுப் பானை மூடியின்மேல் அம்மிக் குழவியைத் தூக்கி வைத்தேன். அவர் வேலையால் வந்தவர் கைகூடக் கழுவாமல் அதை எடுத்துக் கீழே வைத்தார். "ஆவிக்கு ஒரு வழி வேணும் புள்ள. வழிய அடைச்சா அதுவா ஒரு வழி பண்ணிக்கும், அது நம்ம மூஞ்சி வழியாத்தான் இருக்கும்" என்றார். நான் சிரித்தேன். எதற்கெடுத்தாலும் பொயிலர் பேச்சுத்தானா என்று கேலிகூடச் செய்தேன்.

அப்பா போன வருடப் பெரும்போக அறுவடை நேரம் நினைவிருக்கிறதா? நீ வவுனியாப் பட்டறையில் இருந்தாய். சண்டைக் காலம், ஆமி வீதியை எப்போது திறக்கும் எப்போது மூடும் என்று யாருக்கும் தெரியாது. திறந்திருக்கிற நேரத்தில் அரிசியை ஏற்றிவிட வேண்டும் என்று மில் வாசலில் லொறிகள் ஒன்றன்பின் ஒன்றாய் நின்றன. பொயிலரோ கிழடு. வால்வு தேய்ந்து, ஆவி சேர்வதற்குள்ளேயே சீறத் தொடங்கிவிடும். தொட்டியில் நெல் பாதி வெந்தும் வேகாமலும் கிடக்கும். "என்னடா மச்சான், எரிக்கிற உமியெல்லாம் ஆகாயத்துக்கே போவுது" என்று உன் மாமன் கத்துவார். "சீறட்டும் மச்சான். அது சீறுற வரைக்கும்தான் நாம வீட்டுக்குப் போய்ச் சோறு திங்கலாம். புது வால்வு ஒண்ணு எடுத்துத் தாங்க, நான் அவிச்சுத் தள்ளுறேன்" என்பார் உன் அப்பா. வால்வுக்குக் கொழும்புக்குப் போகவேண்டும். கொழும்புக்குப் போகிற காலமா அது? இரண்டு பேரும் அதையே சொல்லிச் சொல்லி இழுபட்டார்கள்.

ஒரு வெள்ளிக்கிழமை காலை நாங்கள் வேலைக்குப் போனபோது, வால்வுக் கையின் நுனியில் குண்டோடு சேர்த்து ஒரு மஞ்சள் துணி முடிச்சு தொங்கியது. சந்தனம், குங்குமம், ஒரு முழம் பூ. உன் மாமன் குளித்து, திருநீறு பூசி, கையைக் கூப்பிக்கொண்டு நின்றார். "வற்றாப்பளை அம்மாளுக்கு நேர்ந்து முடிஞ்சிருக்கேன். வைகாசிப் பொங்கலுக்கு நானே அவுத்துக் கொண்டுபோய்ச் சேப்பேன். அது வரைக்கும் யாரும் கை வைக்கக்கூடாது" என்றார். யார் கை வைப்பார்கள்? நேர்ந்து முடிந்த முடிச்சை அவிழ்க்கிற துணிச்சல் நம் சனத்தில் யாருக்கு இருக்கிறது? களத்தில் என்னோடு வேலை செய்த பூமணி அக்கா, அந்த ஊர்க்காரி, எதற்கும் ஒரு குறை சொல்லுகிறவள், அவள்கூடக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அன்றிலிருந்து பொயிலர் சீறவில்லை. "பாத்தியேடி, அம்மாளாச்சி அடக்கிப்போட்டா" என்றாள் பூமணி. உன் அப்பா ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அந்த முடிச்சுக்குக் கற்பூரம் காட்டினார், தம்பி. தன் கையால் காட்டினார். வீட்டுக்கு வந்து, "சத்தத்தையே காணோமே" என்று மட்டும் ஒரு நாள் சொன்னார். ஆவியின் கனம் காட்டுகிற முள் எப்போதோ செத்துப்போயிருந்தது. காது ஒன்றுதான் அவருக்கு மிச்சம், அந்தக் காதையும் சாமி பேரைச் சொல்லி அடைத்துவிட்டார்கள்.

வெடித்த காலை நான் களத்தில் நெல்லைத் துழாவிக்கொண்டிருந்தேன். சத்தம் என்று ஒன்று கேட்டதாகவே எனக்கு ஞாபகமில்லை. காற்று வந்து நெஞ்சில் மோதித் தள்ளியது. எழுந்து பார்த்தால் மில்லின் கூரைத் தகரம் பனை உயரத்தில் சுழல்கிறது, வெந்த நெல் எங்கள் தலையில் கொட்டுகிறது. ஆமிக்காரன் குண்டு போட்டுவிட்டான் என்று சனம் காட்டுக்குள் ஓடியது. நான் மட்டும் ஓடவில்லை. உன் அப்பா இருந்த பக்கத்துச் சுவரே இல்லை. உமி அள்ளிப் போட வந்த பூமணி அக்காவின் வலது கை தோளிலிருந்து விரல் வரை வெந்துபோயிருந்தது. உன் அப்பாவை எப்படிக் கண்டோம் என்று நான் எழுதமாட்டேன். நீ வந்து சேருவதற்குள் மூடி வைத்துவிட்டோம், அது உனக்கு நான் செய்த ஒரு நல்ல காரியம்.

உன் மாமன் தலையில் அடித்துக்கொண்டு ஓடிவந்தார். என்னைக் கட்டிப்பிடித்து, எல்லாருக்கும் கேட்கத்தக்கதாக, "தூங்கிட்டாரு தங்கச்சி, தூங்கிட்டாரு. தண்ணி வத்துனதப் பாக்காமத் தூங்கிட்டாரு" என்று கதறினார். மாற்றுக்காரனுக்குக் காய்ச்சல் என்று உன் அப்பா முதல் நாளும் வீட்டுக்கு வரவில்லை. அதனால் எனக்கும் அது நியாயமாகப் பட்டது. விசாரிக்க வந்தவர்களிடமும் அதையே சொன்னார். மில் ஆட்களும் அதையே சொன்னார்கள். ஊர் முழுவதும் அதையே சொன்னது. பூமணி அக்கா ஆஸ்பத்திரியால் வந்த அன்று, கையை மடியில் போட்டுக்கொண்டு என் வாசலில் வந்து நின்றாள். "உம்மட மனுசன் நித்திரை கொண்டதுக்கு என்ர கை போச்சு. இனி என்ர முகத்தில முழிக்காதையும்" என்று சொல்லிவிட்டுப் போனாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அப்புறம் எத்தனை வருடம், தம்பி! அவருடைய திவசத்துக்குப் படைத்துவிட்டு, படத்தைப் பார்த்து, "நீ தூங்காமல் இருந்திருந்தால்" என்று நான் பல்லைக் கடித்திருக்கிறேன். செத்தவரை நினைத்து நிம்மதியாக அழக்கூட எனக்குக் கொடுத்துவைக்கவில்லை. அழ வரும்போதெல்லாம் கோபம் முந்திக்கொண்டு வந்தது. என் புருஷன் மேலேயே என்னைக் கோபப்பட வைத்துவிட்டு, அந்த அண்ணன் மாதாமாதம் அரிசி மூட்டையோடு வந்து, "சாப்பிட்டியா தங்கச்சி?" என்று கேட்டார். நான் அவரைக் கும்பிட்டேன்.

இனிப் பரிச நாளுக்கு வருகிறேன். சாப்பாட்டுக்கு முன் உன் மாமன், "வா தங்கச்சி, மாப்பிள்ளையோட மில்லப் பாரு" என்று கூட்டிப்போனார். நீ பந்தலில் மலரின் தோழிகளிடம் மாட்டிக்கொண்டு நின்றாய். புது மில், புதுக் கூரை, சுவரெல்லாம் வெள்ளை. பொயிலர் மட்டும் புதிதல்ல, எங்கேயோ கழித்துப்போட்டதை வாங்கிப் பச்சைச் சாயம் அடித்திருந்தது. அதன் பக்கத்தில் ஏறிப் பார்க்க இரும்புப் படி. மேலே பார்த்தால் வால்வுக் கையில் மஞ்சள் முடிச்சு. எனக்குப் பழைய முடிச்சு நினைவுக்கு வந்தது, ஆனாலும் சந்தேகம் வரவில்லை, அதுதான் என் புத்தி. சாமி முடிச்சு ஆயிற்றே, என் பிள்ளை பிழைக்கப்போகிற இடமாயிற்றே, தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வோம் என்று படியில் ஏறினேன். "ஏறாத, வழுக்கும்" என்று அவர் கீழேயிருந்து சத்தம் போட்டார். அதற்குள் கை பட்டுவிட்டது. நேர்த்திக் காசாக ஒரு ரூபாய்க் குற்றியும் ஒரு பிடி அரிசியும் முடிந்த துணி எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாதா? என் இரண்டு கையாலும் அதைத் தூக்க முடியவில்லை. துணிக்குள் விரலை விட்டுத் தடவினேன். தண்டவாளத்தை அறுத்து எடுத்த ஒரு துண்டு.

"அண்ணே, இது நேர்த்தியா, இரும்பா?" என்றேன். சிரித்தார். "பழைய வால்வு, மூட்டிப் பாத்தப்பவே சீறிக்கிட்டு இருந்துச்சு. எல்லா மில்லுலயும் ஏதாவது தொங்கவிடத்தான் செய்றாங்க. சும்மா தொங்கவிட்டா பொயிலர்க்காரன் கழட்டிப்புடுவான், அதான் துணி" என்றார். பேசிக்கொண்டே வந்தவர் தான் என்ன சொன்னோம் என்பது விளங்கியதும் நிறுத்தினார். நான் படியில் உட்கார்ந்தேன். "அங்கயும் இதுதானா?" என்று கேட்டேன். சால்வையால் முகத்தைத் துடைத்தார். திரும்பவும் கேட்டேன். "அன்னைக்கு உண்மையச் சொல்லியிருந்தா மில்ல மூடியிருப்பாங்க, என்னையும் உள்ள தள்ளியிருப்பாங்க. உனக்கு யாரு சோறு போட்டிருப்பா? இத்தனை குடும்பம் என்ன ஆயிருக்கும்? செத்தவன் பேருக்கு என்ன தங்கச்சி நட்டம்?" என்றான். ஆமாம், இனி எனக்கு அவன் என்றுதான் எழுத வருகிறது. பெரியவர்களை மரியாதையாகச் சொல்லப் பழக்கியவள் நான், இந்த ஒரு இடத்தில் பொறுத்துக்கொள். உண்ட வீட்டுக்கு ரெண்டகம் நினைக்கிறவர்களைப் பற்றி ஊரில் பேசுவார்கள். சோறு போட்ட கையே ரெண்டகம் செய்தால் அதற்கு என்ன பேர் என்று எனக்குத் தெரியவில்லை.

அத்தோடு நின்றிருந்தால் நான் அவனோடு மட்டும் தீர்த்திருப்பேன். "இந்தப் பொயிலர்ல என் பிள்ளைய நிறுத்த விடமாட்டேன், இப்பவே போய்ச் சொல்றேன்" என்று இறங்கினேன். அவன் என் கையைப் பிடித்து, மெதுவாக, ஏதோ சமாதானம் சொல்லுகிறவன்போல, "தம்பிக்குத் தெரியும். அங்க நடந்ததும் தெரியும், இங்க இருக்கிறதும் தெரியும். பொயிலரப் பொருத்தும்போதே அவன் துணியத் தூக்கிப் பாத்துட்டுக் கேட்டான், நானும் மறைக்கல. ‘நான் பாத்து நடத்துறன் மாமா, அம்மாவுக்கு மட்டும் சொல்லாதேங்கோ’ன்னு சொன்னான்" என்றான்.

அதன்பிறகுதான் இலைக்கு முன்னால் கொண்டுவந்து என்னை உட்கார வைத்தார்கள். எதிரில் நீ உட்கார்ந்திருந்தாய். சிரித்துக்கொண்டிருந்தாய்.

பொயிலரைப் பொருத்தியது போன ஆடியில். அதற்குப் பிறகுதான் இந்தத் தடவை திவசத்துக்கு வந்தாய். என் பக்கத்தில் நின்று அப்பாவின் படத்துக்குப் பூப் போட்டாய். "தூங்காமல் இருந்திருக்கலாம் இந்த மனுஷன்" என்று நான் வழக்கம்போலப் புலம்பினேன். நீ வாயைத் திறக்கவில்லை, தம்பி. உன் மாமன் செய்தது பயத்தில், ஆசையில், உயிருக்கு அஞ்சி. நீ என்னத்துக்கு அஞ்சினாய்? கல்யாணம் நின்றுபோகும் என்றா? ஒரு சொல் சொல்லியிருந்தால் நான் அன்றைக்காவது அவரிடம் மன்னிப்புக் கேட்டு அழுதிருப்பேன். அண்ணன் முதுகில் குத்தியது வலிக்கிறது, ஆனால் அவன் வேறு குடும்பம் ஆகிவிட்டவன் என்று தேற்றிக்கொள்ளலாம். பெற்ற பிள்ளையை என்ன சொல்லித் தேற்றுவது? இதை எழுதிவிட்டு ஒரு முழுப் பகல் அடுப்பு மூட்டாமல் கிடந்தேன். பிறகுதான் மற்றதை எழுத எழுந்தேன்.

பார்த்து நடத்துகிறேன் என்கிறாயே, எதைப் பார்ப்பாய்? தகடு உள்ளுக்குள் அரித்திருப்பதைப் பார்க்கிற கண் உனக்கு இருக்கிறதா? உன் அப்பா சொன்னதை அவர் சொன்னபடியே எழுதுகிறேன். நெருப்பு வைக்கிறதற்கு முன் தினமும் வால்வுக் கையை நீயே தூக்கி விட்டுப் பார், ஆடாமல் ஒட்டிக்கொண்டிருந்தால் அன்றைக்கு நெருப்பே வைக்காதே. ஆவி ஏறியதும் அது தானாகச் சீறவேண்டும், சீறுகிற சத்தம் கேட்டால்தான் வேலை. நீர்மட்டம் காட்டுகிற கண்ணாடிக் குழாயில் தண்ணீர் தெரிகிறதே என்று நம்பாதே, அடைத்த குழாயும் தண்ணீர் காட்டும். கீழ்த் திருகைத் திறந்து வடியவிட்டு, தண்ணீர் திரும்ப ஏறி நிற்கிறதா என்று பார். தண்ணீர் வற்றிவிட்டது என்று தெரிந்தால் பதறிப்போய்ப் பச்சைத் தண்ணீர் விடாதே, அதைப்போல ஆபத்து வேறில்லை. உமி போடுவதை நிறுத்து, ஆட்களை விரட்டு, நீயும் விலகிப் போய்விடு, நெருப்பு தானாக ஆறட்டும். முள் செத்த பொயிலரை மூட்டாதே. மார்கழிக் குளிருக்குப் பொயிலர் சுவரோடு ஒட்டி உட்காருகிற பெண்களை எழுப்பித் தூரப் போகச் சொல். அவசரப்படுத்துகிற முதலாளி மாமனாராக இருந்தாலும் மாட்டேன் என்று சொல்லப் பழகு. வால்வுக் கையில் செய்தவன் தொங்கவிட்டதைத் தவிர வேறெதுவும் தொங்கக்கூடாது, அம்மன் பெயராலும் கூடாது. அம்மன் அப்படி ஒன்றைக் கேட்கமாட்டாள்.

நேற்று நான் பூமணி அக்கா வீட்டுக்குப் போனேன். முதலில் கதவைத் திறக்கவில்லை. வேலிக்கு வெளியே நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். வெகுநேரம் கழித்து வந்து, ஒரு கதிரையை இழுத்துப் போட்டு, "இரும்" என்றாள். தேத்தண்ணி தந்தாள். "அப்ப அந்த மனுசன் முழிச்சுத்தான் இருந்திருக்கு" என்று சொல்லிவிட்டு, அந்த வெந்த கையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன். இத்தனை வருடத்தில் முதல் தடவையாகக் கோபமில்லாமல் அவருக்காக அழுதேன். நான் புறப்படும்போது அவள் ஒரு கேள்வி கேட்டாள். "அந்தப் பிள்ளைக்குத் தெரியுமே? கட்டப்போற பெட்டைக்கு?" என்றாள். என்னால் ஊகிக்கத்தான் முடிகிறது. உன் மாமன் சொல்லியிருக்கமாட்டான். நீயும் சொல்லியிருக்கமாட்டாய்.

அதனால் இதைக் கேள். வால்வை மாற்று, துணியை அவிழ், இல்லாவிட்டால் அந்த மில்லை விட்டு வேறு பிழைப்பைப் பார் என்று நான் சொல்வதையெல்லாம் நீ கேட்பாயோ மாட்டாயோ, வளர்ந்த பிள்ளை, உன்னைக் கையைப் பிடித்து இழுக்க என்னால் முடியாது. ஆனால் மலரிடம் சொல்லிவிடு. தாலி கட்டுவதற்கு முன்னால் அவளை அந்தப் படியில் ஏற்று, துணியைத் தொட்டுப் பார்க்கச் சொல், என் அப்பா இப்படி ஒரு முடிச்சால்தான் செத்தார், இதன் கீழேதான் நானும் நிற்கப்போகிறேன் என்று உன் வாயால் சொல். தெரிந்துகொண்டு கழுத்தை நீட்டுவதானால் நீட்டட்டும், அது அவள் பாடு. கல்யாணத்துக்கு நான் வருவேன். பூமணி அக்காவும் வருகிறாள். முன் வரிசையில் உட்காருவோம். நீ தாலியைக் கையில் எடுக்கும்போது அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்ப்பேன். அவளுக்குத் தெரியாது என்று எனக்குப் பட்டால், மேளத்தை நிறுத்தச் சொல்லிவிட்டு நானே எழுந்து சொல்லுவேன்.

அம்மா